ஆலந்தேரி கயிறு பஸ்

ஆலந்தேரி அங்கன்வாடியின் கயிறு பஸ் முதன்முதலாகத் திருச்செந்தூருக்குப் போய்த் திரும்பியது ஒரு தை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. போனவர்கள் பதினோரு பிள்ளைகள், திரும்பியவர்கள் பதினோரு பிள்ளைகளும் ஒரு தேங்காய் வியாபாரியும். சொர்ணகனி டீச்சர் வழக்கம்போல் தலைகளை எண்ணியபோது ஒன்று கூடுதலாக வந்தது, மறுபடி எண்ணியபோதும் கூடுதலாகவே வந்தது, அந்தப் பன்னிரண்டாவது தலை வழுக்கையாக இருந்ததால் அதை அவர் வருகைப் பதிவேட்டில் சேர்க்கவில்லை. திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்த தன்னைக் கண்டக்டர் "ஏறுங்க ஏறுங்க" என்று கூப்பிட்டதாகவும், கூப்பிட்டால் ஏறுவதுதானே பழக்கம் என்றும் வியாபாரி சொன்னார். டீச்சர் அவருக்கு இரண்டு சத்துமாவு உருண்டை கொடுத்து, மெயின் ரோட்டுக்கு வழி சொல்லி அனுப்பினார். பிள்ளைகளின் கால்கள் நனைந்திருந்தன, விரல் இடுக்கில் ஒட்டியிருந்தது எங்கள் ஊர்ச் செம்மணல் இல்லை, கடற்கரை மணல்.

கயிறு பஸ் என்பது எல்லாப் பிள்ளைகளும் விளையாடுவதுதான். கிணற்றுக் கயிற்றின் இரண்டு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, உள்ளே வரிசையாக நின்றுகொண்டு, இடுப்பளவில் கயிற்றைப் பிடித்தபடி முற்றத்தைச் சுற்றி ஓட வேண்டும். முன்னால் நிற்பது டிரைவர், சாப்பாட்டுத் தட்டு ஸ்டியரிங், கடைசியில் நிற்பது கண்டக்டர், பூவரச இலை டிக்கெட், அதையே சுருட்டி ஊதினால் விசில். எல்லோரும் வாயால் புர்ர் என்று சத்தம் போட்டால்தான் வண்டி நகரும். அன்றைக்கு டிரைவர் ஜெனிஷா, வயது நாலரை. கண்டக்டர் தக்சன், வயது மூன்றரை, மூக்கு வருடம் முழுவதும் ஒழுகும்.

புறப்படும் முன் டீச்சர் கேட்டார், "பஸ் எங்கம்மா போவுது?"

"திருப்பூர்," என்றாள் ஜெனிஷா.

சொர்ணகனி டீச்சர் நல்ல டீச்சர். பிள்ளைகள் விளையாடித்தான் வளர வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை முழுமனதாக நம்பியவர், வண்ணக் கட்டைகளையும் மணல் தொட்டியையும் பூட்டி வைக்காதவர். ஆனாலும் ஒரு பிள்ளையின் வாயில் தப்பான தகவல் கிடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "நம்மூர்லருந்து திருப்பூருக்கு ஏதும்மா பஸ்ஸு? திருச்செந்தூர்னு சொல்லு," என்றார். ஜெனிஷா கொஞ்சம் யோசித்து, "திருச்செந்தூர்," என்றாள். வண்டி குழாயடி தாண்டித் திரும்பியது, அந்தப் பக்கம் வெளியே வரவில்லை, உலை கொதிக்கிற நேரம் கழித்து நனைந்த கால்களோடு வந்தது.

திருப்பூர் என்று அவள் சொன்னதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். ஜெனிஷாவின் அப்பன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அம்மா வேல்கனி திருப்பூர்ப் பக்கம் ஒரு நூல் ஆலையில் சேர்ந்து, ஆலை விடுதியிலேயே தங்கிவிட்டாள், ஊருக்கு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பிள்ளையை வளர்த்தது அப்பனின் அக்காள் ஆவுடைத்தங்கம், அதே அங்கன்வாடியில் சமைக்கிற ஆயா, தம்பி செய்த காரியத்துக்குத் தானே வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பிள்ளைக்கு மட்டும் சோற்றில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விடுகிறவள்.

கயிறு பஸ் திருச்செந்தூர் போய் வந்ததைக் கேள்விப்பட்ட நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், வரிசையில் நின்றோம். கார்த்திகை மழையில் ஓடைப் பாலம் அடித்துக்கொண்டு போனதிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்த ஒரே டவுன் பஸ்ஸும் நின்றுபோயிருந்தது, மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் செம்மணலில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும், அப்படி நடந்து பார்த்தவர்கள் ஒரு வண்டி ஓடுகிறது என்றால் அது ஏன் ஓடுகிறது என்று கேட்க மாட்டார்கள், எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பார்கள். மீன் விற்கிற மரியகொழுந்து புதன்கிழமையே கூடையோடு வந்து கயிற்றுக்குள் குனிந்து நுழைந்தாள். வியாழக்கிழமை பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை கல்யாணப் பத்திரிகை அடிக்க ஒரு குடும்பமே வந்தது.

சட்டங்கள் தாமாகவே வந்து சேர்ந்தன. பெரியவர்களும் புர்ர் சொல்ல வேண்டும்; பஞ்சாயத்துத் தலைவர் தங்கபாண்டி முதல் நாள் வெட்கப்பட்டு வாய்க்குள்ளேயே முனகியதால், வண்டி அவரைக் குழாயடியிலேயே உதிர்த்துவிட்டுப் போய்விட்டது, கையில் ஃபைலோடு அவர் நின்ற நிலையை நாங்கள் ஒரு மாதம் பேசிச் சிரித்தோம். யாருக்காவது ஒன்றுக்கு வந்தால் வண்டி நிற்கும். கண்டக்டர் கொடுக்கிற இலை கிழிந்திருந்தால் செல்லாது, எது கிழிந்தது என்று அவன்தான் சொல்வான். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, பிறகு தூக்கம். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள் எழுந்திருக்கும்வரை ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆத்திரப்பட்டுப் பிரயோசனமில்லை. முட்டை போடும் நாட்களில் பதினொன்றரைக்கே சர்வீஸ் நின்றுவிடும்.

கயிறு பஸ் ஓட ஆரம்பிக்கும்வரை எங்களுக்கும் டீச்சருக்கும் ஒரே சண்டைதான். "ஏ பி சி டி எப்ப டீச்சர் சொல்லித் தருவீய? வெறும் வெளையாட்டுக்கா புள்ளைய அனுப்புதோம்?" என்று நாங்கள் கேட்போம், "வெளையாட்டுதான் இந்த வயசுக்குப் படிப்பு," என்று அவர் சொல்வார், நாங்கள் நம்பாமல் பாதிப் பிள்ளைகளை டை கட்டிக்கொண்டு போகிற பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டோம். இப்போது அந்தப் பிள்ளைகளையெல்லாம் டையோடு திரும்பக் கூட்டிவந்து சேர்த்தோம், ஏனென்றால் பிள்ளை கூடினால் கயிறு நீளும், கயிறு நீண்டால் இடம் கூடும். டீச்சர் கதை சொல்ல உட்கார்ந்தால், களிமண் உருட்ட உட்கார்ந்தால், வாசலில் நின்றுகொண்டு, "ஏன் டீச்சர் நேரத்த வீணாக்குதீய, புள்ளையள வெளையாட விடுங்க," என்று நாங்களே சொன்னோம். சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெனிஷா தினமும் காலையில் தட்டைக் கையில் எடுத்ததும், "திருப்பூர், திருப்பூர்," என்பாள். "திருச்செந்தூர் தாயி," என்று முன்வரிசையில் நிற்கிற யாராவது சொல்வார்கள். "ஆஸ்பத்திரி வழியா," என்று இன்னொருவர் சேர்ப்பார். அவள் சரி என்று திருப்பிச் சொல்வாள், வண்டி போகும். மாசி மாதத்தில் ஏதோ ஒரு நாளிலிருந்து திருப்பூர் என்று சொல்வதை அவள் நிறுத்திவிட்டாள். அது எந்த நாள் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் எங்களில் ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பங்குனியில் தலைவர் கூட்டம் போட்டார். இவ்வளவு நல்ல வசதியை ஒழுங்கில்லாமல் விட்டுவைக்கக் கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. நேர அட்டவணை எழுதிப் பலகையாக மாட்டுவது, டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் காக்கிச் சட்டை தைப்பது, இலைப் பீப்பிக்குப் பதில் நிஜ விசில் வாங்குவது, பிள்ளைகளை முறைவைத்து டியூட்டிக்கு நிறுத்துவது என்று மளமளவென்று முடிவானது. அப்போது பின்னால் நின்ற ஆவுடைத்தங்கம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க வேல்கனியையும் ஒரு நடை புள்ள பாத்துட்டு வரட்டுமே. வாரத்துல ஒரு நாளு திருப்பூருக்கு விடலாம்லா?" என்றாள்.

தலைவர் கெட்டவர் இல்லை. நிதானமாகவே பதில் சொன்னார். "மைனி, திருப்பூர் எம்புட்டுத் தொலவு? ஒரு ராத்திரி பூரா போவணும். ஒரு ஆளுக்காவ வண்டிய அம்புட்டுத் தூரம் விட்டா, இங்க உள்ள ஜனம் என்ன செய்யும்?"

குழாயடியைச் சுற்றி வருகிற ஒரே சுற்றுதான், அந்த வண்டிக்கு எந்த ஊரும் ஒரே தூரம்தான் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே தலையாட்டினோம். தூரம் என்றால் தூரம்தானே என்று தோன்றியது. டீச்சரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் மறுநாள் மாதாந்திரக் கூட்டத்துக்கு ஒன்பதரை வண்டியில் போக வேண்டியிருந்தது.

சட்டைகள் வந்தன, விசில் வந்தது, பலகை வந்தது. மேல் அலுவலகத்திலிருந்து அங்கன்வாடியைப் பார்வையிட வந்த மேடம், அவரும் மெயின் ரோட்டிலிருந்து நடந்து வந்து களைத்திருந்தவர், பதிவேட்டில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வெகுநேரம் பார்த்துவிட்டு, 'வெளி விளையாட்டு' என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதி, திரும்பும்போது கயிற்றுக்குள் ஏறிப் போனார். பிள்ளைகள் டியூட்டி பார்த்தார்கள். களிமண்ணில் கையை வைத்த பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்தினோம். போதும் என்று சொல்லிக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே போன பிள்ளையை அதட்டி உள்ளே தள்ளினோம், ஒன்றிரண்டு முறை கிள்ளவும் செய்தோம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தோம்.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஒன்பதரை வண்டி, கயிற்றுக்குள் பதினாலு பெரியவர்கள். மரியகொழுந்தின் கூடை நிறையச் சாளை மீன். விசில் அடித்தது, புர்ர் சொன்னோம், ஓடினோம், குழாயடி தாண்டித் திரும்பினோம். திரும்பிய இடத்தில் எங்கள் முற்றம்தான் இருந்தது, எங்கள் மணல், எங்கள் பூவரசு. மறுபடி ஓடினோம். ஏழு சுற்று ஓடினோம், பிரஷர் மாத்திரைக்குப் போகிறவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், மீன் நாற ஆரம்பித்தது. டிரைவரை மாற்றினோம், தக்சனை முன்னால் நிறுத்தினோம், கயிற்றை மாற்றினோம். பிள்ளைகள் சொன்னபடி நின்றார்கள், சொன்னபடி ஓடினார்கள், சொன்னபடி சத்தமும் போட்டார்கள். வண்டி மட்டும் எங்கேயும் போகவில்லை.

மூன்று நாள் இப்படியே. மிட்டாய் கொடுத்துப் பார்த்தோம், கெஞ்சினோம், அதட்டினோம், இனிமேல் முட்டை கிடையாது என்று தலைவர் சொன்னபோது, "அது அரசாங்க முட்டை," என்று ஆவுடைத்தங்கம் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். ஜெனிஷா காக்கிச் சட்டையோடு படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்திருந்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அழுதிருந்தாலாவது எங்களுக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

நாலாம் நாள் காலை கீரை ஆய்ந்துகொண்டே ஆவுடைத்தங்கம் டீச்சரிடம் சொன்னாள். "ஞாயித்துக்கெழம போன்ல அவ அம்மைட்டப் பேசினா டீச்சர். 'அம்மா, நாந்தான் பஸ் ஓட்டுதேன்'னா. 'அப்படியா, அப்ப என்னையும் ஏத்திட்டுப் போயேன் ராசாத்தி'ன்னு அவ சும்மா சிரிச்சிக்கிட்டே சொன்னா. அதுக்கு இவ சொல்லுதா, 'அங்கயெல்லாம் பஸ் கெடையாதும்மா, எங்க டீச்சர் சொன்னாங்க'ன்னு."

டீச்சர் பதிவேட்டை மூடினார். அது கொஞ்சம் சத்தமாகவே மூடிக்கொண்டது. முற்றத்துக்கு வந்தார், நாங்கள் நம்பிக்கை போகாமல் பையும் கூடையுமாக நின்றுகொண்டுதான் இருந்தோம். பிள்ளைகளின் காக்கிச் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நேர அட்டவணைப் பலகையை இறக்கி, அதைக்கொண்டு தண்ணீர் அண்டாவை மூடி வைத்தார். பிறகு ஜெனிஷாவுக்கு முன்னால், புடவையைப் பற்றிக் கவலைப்படாமல், மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பஸ் எங்கம்மா போவுது?" என்றார்.

கேள்வி கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாய் திறக்கக் கூடாது என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவர் பத்து எண்ணினார், நூறு எண்ணினார், எண்ணுவதை விட்டுவிட்டும் காத்திருந்தார். நாங்களும் நின்றோம். ஜெனிஷா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லும் பிள்ளையின் குரலில், "திருச்செந்தூர்," என்றாள்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. "அது நான் சொன்னதும்மா," என்றார். "நான் சொன்னது தப்பு. நீ சொல்லு."

ஜெனிஷா அத்தையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், எங்கள் கூடைகளைப் பார்த்தாள். தட்டைத் தூக்கி மார்போடு பிடித்துக்கொண்டு, "திருப்பூர்," என்றாள்.

தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே, "தலைவரே, வாறதுன்னா ஏறுங்க, இல்லாட்டா வழிய விடுங்க," என்றார். பிறகு கண்டக்டரிடம் கையை நீட்டினார். "சார், திருப்பூர் ஒண்ணு." தக்சன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நல்ல இலையாகப் பார்த்துக் கொடுத்தான்.

நாங்களும் ஏறினோம். எல்லோரும் நல்ல மனதோடு ஏறினோம் என்று சொல்ல முடியாது. திரும்பும் வழியில் திருச்செந்தூரில் நிற்கும் என்ற நினைப்பு சிலருக்கு, வண்டி ஓடுவதைப் பார்த்தாலே போதும் என்பது சிலருக்கு, மூன்று நாளாக அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது பலருக்கு. புர்ர் என்று சொன்னோம். தலைவர் கழுத்து நரம்பு புடைக்கச் சொன்னார். குழாயடி தாண்டித் திரும்பினோம்.

சாயத் தண்ணீர் வாடையும் இயந்திரச் சத்தமும் வந்தன, பெரிய இரும்புக் கேட் வந்தது, கேட்டருகே நோட்டோடு ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். வண்டி நம்பர் என்ன என்று கேட்டார். இல்லை என்றோம். என்ன வண்டி என்றார். கயிறு என்றோம். அவர் எழுதிக்கொண்டார். யாரைப் பார்க்கணும் என்றதற்கு டிரைவர்தான் சொன்னாள், "எங்கம்மாவ."

வேல்கனி தலையெல்லாம் பஞ்சோடு, செருப்பில்லாமல் ஓடி வந்தாள். கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். ஊரில் பாதி அங்கே கயிற்றுக்குள் நிற்கிறது, முன்னால் தன் பிள்ளை தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஜெனிஷா தட்டை விடவில்லை, ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளவில்லை. டிரைவர் பாதியில் வண்டியை விட்டு இறங்குவது வழக்கமில்லை. "ஏறுங்க, ஏறுங்க, உள்ள போங்க," என்றாள், எங்கள் எல்லோரிடமும் ஐந்து மாதமாகச் சொன்ன அதே குரலில்.

உள்ளிருந்து யாரோ வேல்கனியின் பெயரைச் சொல்லி அதட்டிக் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஷிஃப்ட் முடிய இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. பெட்டி, துணிமணி, செருப்பு எல்லாம் உள்ளே இருந்தன. அவள் தக்சனிடம் கேட்டாள், "அடுத்த வண்டி எப்பம்?"

"இதான் வண்டி," என்றான் தக்சன்.

வேல்கனி குனிந்து கயிற்றைத் தூக்கி உள்ளே வந்தாள். அவளால் புர்ர் சொல்ல முடியவில்லை, அழுதாள். வண்டி அதையே ஏற்றுக்கொண்டு நகர்ந்தது. திருச்செந்தூரில் நிற்கவில்லை. நிற்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை நாங்கள் பையோடும் கூடையோடும் போனபோது ஜெனிஷா மணல் தொட்டியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். கயிற்றை நீட்டினோம். "பஸ் வெளையாட்டு முடிஞ்சிட்டு," என்றாள், தலை நிமிராமலே. மற்ற பிள்ளைகளும் இட்லிக்கு வரிசையில் நின்றார்கள். தக்சனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டோம். அவன் இட்லிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் டீச்சர் மேல் கோபப்பட்டோம். டையோடு திரும்பி வந்த பிள்ளைகளில் சிலர் டையோடு மறுபடி போனார்கள், நாலைந்து பேர் போக மாட்டோம் என்று உருண்டு புரண்டு அங்கேயே இருந்துகொண்டார்கள். பாலம் கேட்டு மனு எழுதினோம், அதை நியாயமாகக் கார்த்திகையிலேயே எழுதியிருக்க வேண்டும். மெயின் ரோட்டுக்கு நடக்கிறோம்.

வேல்கனி திரும்பிப் போகவில்லை. மரியகொழுந்தோடு சேர்ந்து மீன் கூடை சுமக்கிறாள், நாலு கிலோமீட்டர் போக, நாலு கிலோமீட்டர் வர. முதல் நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பிள்ளையை அங்கன்வாடி கேட்டில் அவளே கொண்டுவந்து விட்டாள். பிள்ளை அழும், காலைக் கட்டிக்கொள்ளும், சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று, என்னென்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். ஜெனிஷா கையை உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள். மணல் தொட்டியில் கையை விட்டவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேல்கனிக்கு முகம் வாடிவிட்டது. "என்ன டீச்சர், ஒரு டாட்டாகூடக் காட்டாம போறா," என்றாள்.

"நீ சாயங்காலம் வருவேன்னு அவளுக்குத் தெரியும்லா," என்றார் டீச்சர். "இத்தன நாளும் அவ ஓடுற ஓட்டத்துல திரும்பித் திரும்பி இந்தக் கேட்டப் பாப்பா. இன்னைக்குத்தான் பாக்கல."

மரியகொழுந்து ரோட்டில் நின்று கூப்பிட்டாள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சாளை தாங்காது. வேல்கனி இன்னும் கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு, தன்னைத் திரும்பிப் பார்க்காத பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.